வாரங்கல்லைத் தாண்டிப் போகிறோம்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோர் நம் மாரெட்பள்ளியில் இப்போது வீதிக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தைப் பற்றி ஆசையோடு சொல்கிறார்கள். புருனெல்லெஸ்கி எழுப்பிய பெரிய கும்மட்டம், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை, சுற்றுப்புறத்தில் பீசா, சியன்னா என்று கேட்கக் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. போகட்டும், பார்க்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்களிடமே, "வாரங்கல் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "ரயிலில் தாண்டிப் போயிருக்கிறோம்" என்பதே பெரும்பாலும் பதில்.

உண்மைதான். சென்னைக்குப் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸில் நாம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிற வேளையில் காஜிப்பேட்டையும் வாரங்கல்லும் வந்து போய்விடும். செகந்திராபாத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகில் ஒரு கலைநகரம் இருந்தும் அங்கே இறங்காமல் போகிறோம்.

ஹனுமகொண்டாவில் உள்ள ஆயிரங்கால் கோயில் காகதீய மன்னர் ருத்ரதேவர் 1163-இல் கட்டியது. சிவன், திருமால், சூரியன் மூவருக்கும் ஒரே கோயிலில் தனித்தனிச் சந்நிதிகள். பழுதுபட்டிருந்த அதன் கல்யாண மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்து, மீண்டும் அடுக்கி, 2024-இல் திறந்தார்கள். வாரங்கல் கோட்டைக்குள் நிற்கும் நான்கு கல் தோரணங்களையும் பார்க்க வேண்டும். 2014-இல் தெலங்கானா மாநிலம் பிறந்தபோது அரசு முத்திரையில் இடம்பெற்றது அந்தத் தோரணம்தான்.

அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் பாலம்பேட்டை ராமப்பா கோயில். ஃபிளாரன்ஸ் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1296-இல். அதற்கு 83 ஆண்டுகள் முன்னரே, 1213-இல், கணபதிதேவரின் தளபதி ரேசர்ல ருத்ரர் எழுப்பிய கோயில் இது. சிற்பியின் பெயராலேயே கோயில் வழங்குகிறது என்பது வழிவழிச் செய்தி. 2021-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ரயில்வே பொறியாளனாக இருந்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பூமியைத் தோண்டி, குழியில் மணலை நிரப்பி இறுக்கி, அந்த மெத்தையின் மேல் கோயிலை நிறுத்தியிருக்கிறார்கள். தண்டவாளத்தின் அடியில் நாம் கொட்டும் ஜல்லி பாரத்தைப் பரப்பி அதிர்வை வாங்கிக்கொள்வது போலத்தான் இதுவும். விமானத்துக்கோ தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த செங்கல். மேலே பாரம் குறைவு, கீழே அதிர்வு தாங்கும் மணல். எண்ணூறு ஆண்டுகளாகக் கோயில் நிற்கிறது.

"நமக்குத் தஞ்சாவூரும் காஞ்சிபுரமும் இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலிலேயே கணபதிதேவரின் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய யானைப்படைத் தளபதி ஜாயப்பர் எழுதிய 'நிருத்த ரத்னாவளி' என்ற நாட்டிய நூலைப் பதிப்பித்து 1965-இல் சென்னையில் வெளியிட உழைத்தவர் திருவாரூரில் பிறந்த டாக்டர் வே. ராகவன். அந்த நூலையும் ராமப்பா கோயிலின் நடனச் சிற்பங்களையும் கொண்டு பேரிணி நடனத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர் நடராஜ ராமகிருஷ்ணா. நம் வீட்டுப் பெண் குழந்தைகள் பரதம் பயில்கிறார்கள். அவர்கள் அந்தச் சிற்பங்களின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நல்லது!

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் ஊருக்குப் போனால் அங்கே 'ஹைதராபாத்காரர்கள்', இங்கே இருந்தால் 'மதராஸிகள்'. சொந்த ஊர் எது என்றால், ஆண்டுக்குப் பத்து நாள் போய்வரும் ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறார்கள். பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றி அவர்களுக்கு நாம் எதையும் காட்டவில்லை. தாய்மொழியைக் காப்பது நம் சங்கத்தின் கடமை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இருக்கிற ஊரை ஐம்பது ஆண்டுகளாக வாடகை வீடு போலவே பார்த்தால், பிள்ளைகளுக்கு அங்கேயும் வேர் இல்லை, இங்கேயும் வேர் இல்லை என்றாகிவிடும். இந்த மண்ணின் சோற்றைத் தின்றவர்கள் இந்த மண்ணின் சிற்பியையும் அறிய வேண்டும்.

இரண்டு நாள் போதும். முதல் நாள் ஹனுமகொண்டாவும் கோட்டையும். இரண்டாம் நாள் பாலம்பேட்டையும் அங்குள்ள ராமப்பா ஏரியும். வெயில் ஏறுமுன், மார்கழி தை மாதங்களில், சங்கத்தின் சார்பில் ஒரு பஸ் ஏற்பாடு செய்து, விவரம் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம். அரை மணியில் பார்த்துவிட்டு ஓட்டலைத் தேடும் பயணமாக மட்டும் அது இருக்கக் கூடாது. கட்டுச்சாதம் கையோடு இருக்கட்டும். செயற்குழு இதைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.