முதலில் ஓட்டிப் பாருங்கள்

பொறியியல் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "சார், ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல சேரணும். எதுல சேரலாம்? எங்கேருந்து கோடு எழுத ஆரம்பிக்கலாம்?" முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் சேருங்கள். அதன் குறை உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த வாரப் பத்தி. கோடு எழுதுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

திறமூலத் திட்டங்களில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வந்து குவியும் நிரலைப் பொறுமையாகப் படித்து, ஓட்டிப் பார்த்து, இதைச் சேர்க்கலாம், இது கூடாது என்று சொல்லும் பராமரிப்பாளர்கள்தான் எங்கும் குறைவு. அவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார்கள். புதியவர் எதை அனுப்பினாலும் அது அவர்களுடைய மாலை நேரத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது.

2020 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல நிகழ்வு அறிவித்திருந்தது. விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி, ஒரு புள்ளியைச் சேர்த்து, ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவதை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கும் இதே கதி. பாடக் காணொளி ஒன்றைப் பார்த்த நம் நாட்டு மாணவர்கள், தங்கள் பெயரை விளக்கக் கோப்பில் சேர்க்கச் சொல்லி வரிசையாக அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுமுனையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து மூடுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் வருத்தம்.

எழுதாமலும் பங்களிக்க முடியும் என்பதற்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பாருங்கள். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது அது ஒருவர் தலைக்குள் அடங்குகிற அளவுதான். இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேல். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு. இன்றைக்கும் அங்கே மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன. யாருக்கு அனுப்புவது என்று தெரியாவிட்டால் மூலநிரலோடு வரும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று பெயர்களை எடுத்துக் கொடுத்துவிடும். வடிவப் பிழைகளைச் சுட்டிக்காட்ட இன்னொன்று இருக்கிறது. இந்த நடைமுறைகளை ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேறு. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் சில வரிகள் இருக்கும். "சைன்டு-ஆஃப்-பை" என்பது, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவர் தரும் உறுதிமொழி; 2004 முதல் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே "ரிப்போர்ட்டட்-பை", "டெஸ்டட்-பை", "ரிவியூடு-பை". பிழையைக் கண்டு சொன்னவர், திருத்தத்தை ஓட்டிப் பார்த்தவர், வரிவரியாகப் படித்தவர் என எல்லோர் பெயரும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் வரலாற்றில் எழுதியவர் பெயரோடு சேர்ந்தே நிற்கிறது. ஒரு வரிகூட எழுதாமல் கெர்னலுக்குப் பங்களிக்கலாம். அந்தப் பங்களிப்பை அவர்கள் மதித்துப் பதிவும் செய்கிறார்கள்.

அதனால் முதல் வேலையாகப் பழைய பிழை அறிக்கை ஒன்றை எடுங்கள். புதிய பதிப்பைத் தரவிறக்கி உங்கள் கணினியில் பில்டு செய்யுங்கள். பெரும்பாலோர் முட்டி நிற்பது இந்த இடத்தில்தான், இதைத் தாண்டினாலே பாதி வேலை முடிந்தது. அந்தப் பிழை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதைச் சொல்லுங்கள், ஒரு அறிக்கையை மூடலாம். வந்தால், எந்த மாற்றத்தால் வந்தது என்று கிட் பைசெக்ட் கொண்டு தேடுங்கள். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் பத்து முறையில் குற்றவாளி சிக்கிவிடும். இதற்குத் திட்டத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. கிடைக்கும் விடையோ அனுபவசாலிக்கே பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பராமரிப்பாளர்கள் ஏன் புதியவரை உடனே நம்புவதில்லை என்று சிலர் ஆதங்கப்படுகிறார்கள். எக்ஸ்இசட் கதையைப் படித்தால் புரியும். உலகின் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே ஆள் கட்டிக்காத்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்து, மெல்ல நம்பிக்கை பெற்று, பராமரிப்புப் பொறுப்பையும் பெற்று, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். வேறு ஒரு வேலைக்காகச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த மென்பொருளைக் காப்பாற்றியது சோதிக்கும் பழக்கம்தான்.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் சேர்ந்து யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் சமமாக்கிப் பார்க்காத மென்பொருளில் 'கொடி' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் 'கொடி' அகப்படாது. பெர்லினிலோ பாஸ்டனிலோ இருக்கும் பராமரிப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவர் கண்ணில் படாது. இரண்டு வடிவத்திலும் ஒரு சிறு கோப்பு, எந்தப் பதிப்பில் என்ன செய்தால் என்ன ஆகிறது என்று நாலு வரி, இவ்வளவு போதும். அந்த அறிக்கையை நாம் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் இல்லை.

இப்படிச் சில நாள் புழங்கிய பிறகு உங்கள் சொந்த பேட்ச் (நிரல் திருத்தம்) தானாக வரும். ஒரு பேட்சில் ஒரே விஷயம் இருக்கட்டும். என்ன மாற்றினீர்கள் என்பது நிரலிலேயே தெரியும். ஏன் மாற்றினீர்கள் என்பதைச் செய்தியில் எழுதுங்கள். கேள்வி வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள், ஒன்றைக்கூட விடாமல். பதிலே வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டுத்தான் நினைவூட்ட வேண்டும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. அந்த ஒரு வாரத்தில், அதே பகுதியில் யாரும் தொடாமல் கிடக்கும் இன்னொருவரின் பேட்சை எடுத்து ஓட்டிப் பாருங்கள். வேலை செய்தால் உங்கள் "டெஸ்டட்-பை" வரியை அனுப்புங்கள்.