கூடத்துத் திரையும் பக்கத்து வீட்டு நாற்காலியும்



மாலை மயங்கிய பின் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் நடப்பவர்கள், நம்மவர் குடியிருக்கும் மாடி எதுவென்று கதவெண்ணைப் பாராமலே கூறிவிடலாம். சன்னல் வழியே ஏதேனும் ஒரு தமிழ்த் தொடரின் தொடக்கப் பாட்டுக் காற்றில் மிதந்து வரும். இக்காலத்துச் சிறுவர்க்கு இதில் வியப்பு ஏதுமில்லை. ஆனால், வீட்டுக் கூடத்துத் திரையில் நாள்தோறும் தம் மொழியைக் கேட்பதற்கு இந்நகரத்துத் தமிழர் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை அவர்கள் அறியார்.

கல்கத்தாவில் (அந்நாளில் இந்நகர்க்கு அதுதானே பெயர்) தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதே மாதத்தில் சென்னை நிலையமும் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்' கண்டு களித்த செய்தியைச் சென்னை உறவினர் கடிதத்தில் விரிவாக எழுதுவர். நமக்கோ அஃது எட்டாக்கனி. சென்னைக் கோபுரத்தின் அலைகள் ஆயிரம் கல் கடந்து கல்கத்தாவுக்கு எங்ஙனம் வரும்?

எம் இல்லத்திற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது 1981ஆம் ஆண்டு. கறுப்பு வெள்ளைப் படம். பெட்டிக்கு மரக் கதவுகள் உண்டு. மாலையில் அவற்றைத் திறப்பதே ஒரு சடங்கு. வானொலிக்குப் போலவே இதற்கும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் அது. மொட்டைமாடியில் ஆன்டெனாவின்மேல் காக்கை அமர்ந்தால் படம் கோணிவிடும். தந்தையார் மேலே ஏறித் திருப்புவார், நான் படிக்கட்டில் நின்று, "இப்போது வந்துவிட்டதா?" என்று கூவுவேன், அன்னையார் கூடத்திலிருந்து, "வந்தது, போய்விட்டது" என்பார். இவ்வுரையாடல் அரைமணி நேரம் நடைபெறுவதும் உண்டு.

அன்னையார் 1956இல் மணமாகி இந்நகர் வந்தவர். கால் நூற்றாண்டு வாழ்ந்தும், கீரையும் மீனும் விற்பவரிடம் விலை பேசும் அளவுக்கே வங்காளி அறிந்திருந்தார். கீரையை வாங்க; மீனை வேண்டாமென்று சொல்ல. அவருக்கு வங்காளி கற்பித்தது தொலைக்காட்சிதான். மாலைச் செய்தியும் நாடகமும் கேட்டுக் கேட்டு ஈராண்டில் தங்கு தடையின்றிப் பேசலானார். மாடி எதிர்வீட்டு மாஷிமா இதற்கு ஒரு காரணம். அவர்கள் வீட்டில் அப்போது பெட்டி இல்லை. நாள்தோறும் தம் பிரம்பு நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து அமர்வார். பிறகு அந்நாற்காலி எம் கூடத்திலேயே தங்கிவிட்டது.

1982இல் தேசிய ஒளிபரப்பு வந்தது. அதனுடன் இந்தியும் வந்தது. தமிழ் எப்போது வந்தது? ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் காட்டத் தொடங்கியபோது, பல மொழிகளுக்கிடையே நம் மொழியின் முறையும் எப்போதேனும் வரும். பெரும்பாலும் விருது பெற்ற படங்கள். உள்ளதைச் சொன்னால், நம் மக்கள் விரும்பிய பாட்டும் சண்டையும் அவற்றில் குறைவு. ஆயினும் யார் அதைப் பார்த்தார்கள்? செவிக்குத் தமிழ் கிடைத்தால் போதாதா? 1983 ஜூன் 25 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களே இருதரப்பிலும் மிகுதியானவை. அன்றிரவு தந்தையார் அவ்வெண்ணைத் தாமே எடுத்ததுபோலப் பாடா முழுவதும் சொல்லி வந்தார்.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். 1987 ஜனவரி 25 முதல் 1988 வரை, ஞாயிறு காலைகளில் ராமானந்த சாகரின் இராமாயணம் ஒளிபரப்பாயிற்று. அத்தொடரின் முகப்பில், வான்மீகம், துளசிதாசர் நூல் ஆகியவற்றுடன் கம்பராமாயணமும் கிருத்திவாசரின் வங்க இராமாயணமும் ஆதாரங்களாகக் காட்டப்பெற்றன. அன்னையார்க்கும் மாஷிமாவுக்கும் இந்தி சரிவரத் தெரியாது. ஆனால், கதை இருவர்க்கும் உரிமைச் சொத்து. ஒவ்வொருவரும் தத்தம் இராமாயணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு திரையைத் தணிக்கை செய்வர்.

மின்தடை அந்நாளில் கல்கத்தாவின் அன்றாட வழக்கம். ஒரு ஞாயிறு, சீதையைக் கவர்ந்து செல்லவேண்டிய தறுவாயில் மின்சாரம் நின்றுவிட்டது. கூடத்தில் இருந்த பதினைந்து பேரும் ஒரே குரலில் வருந்தினர். அப்போது அன்னையார் வங்காளியில் சொல்லத் தொடங்கினார்: எங்கள் கம்பர் இராவணனைச் சீதையைத் தொடவிடவில்லை, அவன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிச் சென்றான் என்றே பாடினார் என்று. மாஷிமா வியந்து கன்னத்தில் கைவைத்தார். பிறகு அவர் தம் பங்குக்குக் கிருத்திவாசர் கதையைச் சொன்னார்: இராமன் போருக்கு முன் துர்க்கையை வழிபட நூற்றெட்டு நீலத் தாமரை கொணர்ந்தான்; ஒன்று குறைந்தது; தன் கண்ணையே மலராக இடத் துணிந்தபோது தேவி தோன்றித் தடுத்தாள்; பருவமல்லாப் பருவத்தில் நிகழ்ந்த அவ்வழிபாடே இன்றைய துர்க்கா பூசை என்று. முப்பது ஆண்டுகள் பூசைப் பந்தல்களைக் கண்ட அன்னையார்க்கு அதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. மின்சாரம் மீண்டும் வந்தபோது தொடர் முடிந்திருந்தது. எவரும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. எங்கள் தெருவின் கேபிள்காரர் முதலில் மறுத்தார். நான்கு வீட்டிற்காகத் தனியே ஒரு தட்டு நிறுத்த இயலாது என்றார். நம்மவர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டிப் பெற்ற வெற்றி அது. முதல் நாள் அன்னையார் விளம்பரத்தையும் விடாமல் பார்த்தார். 1999இல் 'சித்தி' தொடங்கிய பின், அந்நேரத்தில் எம் வீட்டில் தொலைபேசி மணி அடித்தாலும் எடுப்பாரில்லை. என் பிள்ளைகள் 'அத்திம்பேர்', 'ஓரகத்தி' முதலிய உறவுச் சொற்களைக் கற்றது என்னிடமன்று, தொடர்களிடம். இதை நான் குறைவாக மதிக்கவில்லை. பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் வங்காளியும், கடையில் இந்தியும் பேசும் குழந்தைக்குத் தமிழ் கேட்க வேறு இடம் ஏது? தொடர்களில் அழுகை மிகுதி என்று குறைகூறும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால், ஒன்றை மறைத்தல் முறையன்று. தமிழ் வந்தது, மாஷிமா வருவது நின்றது. யாரும் அவரை வரவேண்டாமென்று சொல்லவில்லை. முதற்சில நாள் வந்து அமர்ந்தார். அன்னையார் இடையிடையே பொருள் கூறினார். பிறகு கதையின் விறுவிறுப்பில் கூற மறந்தார். ஒரு நாள் மாஷிமாவின் மகன் வந்து, "மா நாற்காலியைக் கேட்டார்கள்" என்று எடுத்துச் சென்றான். அவர்கள் வீட்டிலும் அப்போது வண்ணப் பெட்டி இருந்தது; வங்காளித் தொடர்கள் இருந்தன. சண்டை ஏதுமில்லை. பூசைக்கு இனிப்பும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் பரிமாறிக்கொண்டுதான் இருந்தோம். எனினும், கூடத்தின் அந்த மூலை வெறுமையாயிற்று. நாம் போராடிப் பெற்ற இன்பத்திற்கு நாம் கொடுத்த விலை அது என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது நிலைமை இன்னும் ஒருபடி மாறிவிட்டது. என் பேத்தி செவியில் கருவி மாட்டிக்கொண்டு கைப்பேசியில் கொரியத் தொடர் பார்க்கிறாள். ஒரே கூடத்தில் நால்வர், நான்கு திரைகள்.

2020இல் ஊரடங்கின்போது, மார்ச் 28 முதல் அதே இராமாயணத்தைத் தூர்தர்சன் மீண்டும் ஒளிபரப்பிற்று. அன்னையார்க்கு அப்போது 82 வயது, மாஷிமாவுக்கு 79. எதிரெதிர்க் கதவுகள், இடையே ஆறடி நடை, ஆயினும் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் செல்ல அஞ்சிய நாள்கள். முதல் நாள் தொடர் தொடங்கிய சில மணித்துளிகளில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் மாஷிமா. "தீதி, பார்க்கிறாயா?" என்றார். அன்னையார் பெட்டியின் ஒலியை முற்றிலும் குறைக்கச் சொன்னார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொலைபேசியைச் செவியில் வைத்துக்கொண்டு, "அந்த நூற்றெட்டுத் தாமரைக் கதையை இன்னொரு முறை சொல்" என்று வங்காளியில் கேட்டார்.