நாற்காலிகளைத் தேர்தலுக்கு முன்பே எண்ணுங்கள்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நீதிபதிப் பணியிடங்களைக் கூட்டினாலும் குறைத்தாலும், நியமன விதிகளைத் திருத்தினாலும், அந்த மாற்றம் அடுத்த அதிபர் தேர்தலில் வென்றவர் பதவியேற்ற பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். அதற்கான வாக்கெடுப்பும் அந்தத் தேர்தலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இது எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழர்கள் சேர்ந்து நடத்தும் மன்றம் இது. உறுப்பினர்களில் இரு கட்சிக்காரர்களும் உண்டு, ஆகவே இந்த வாசகத்துக்கு ஒப்புதல் பெறுவது எளிதாக இருக்கவில்லை.

எங்களில் பலர் குடியுரிமை உறுதிமொழி எடுத்தது ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிபதியின் முன்னால்தான். குடிவரவுத் துறையில் விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் வழக்குத் தொடுப்பதும் அதே நீதிமன்றத்தில்தான். அங்கே அமரும் நீதிபதியின் பதவி ஆயுள்காலத்துக்கானது. அவரை நியமிக்கும் அதிபரும் ஒப்புதல் தரும் செனட் பெரும்பான்மையும் போன பிறகும் அவர் இருப்பார்.

2013இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ சீனிவாசனை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா நியமித்தார். மே மாதம் செனட் 97-0 என ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மூவரைக் குடியரசுக் கட்சியினர் தடுத்து நிறுத்தினர். வேலைப் பளு குறைவு, இத்தனை நீதிபதிகள் தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் நவம்பர் 21 அன்று விதியையே மாற்றினார். விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவை என்றிருந்தது, கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றானது. 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் அதையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டித்து கோர்சச்சை அமர்த்தினார். கதவைத் திறந்தது ஒரு கட்சி, அகலப்படுத்தியது மறு கட்சி.

2013க்குப் பின் செனட் எவர் கையிலோ, நாள்காட்டியும் அவர் கையில். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டுக்கு, தேர்தல் ஆண்டு என்று சொல்லி, விசாரணைக் கூட்டம்கூட நடத்தவில்லை. 2020இல் ஏமி கோனி பேரட்டுக்குத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஒப்புதல் கிடைத்தது. செனட் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் இருந்த 2015-16இல் நியமனங்கள் தேங்கியதால், டிரம்ப் முதன்முறை பதவியேற்றபோது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்தன.

எங்கள் நிலைப்பாட்டுக்கு நேரடிக் காரணம் 2024இன் நீதிபதிகள் சட்ட முன்வரைவு. மாவட்ட நீதிமன்றங்களில் 66 புதிய இடங்களை, அவற்றில் மூன்று தற்காலிகமானவை, பல ஆண்டுகளுக்குப் பிரித்து உருவாக்கும் திட்டம் அது. தேவை உண்மையானது. சாக்ரமெண்டோவையும் ஃபிரஸ்னோவையும் உள்ளடக்கிய கலிபோர்னியா கிழக்கு மாவட்டத்துக்கு 1978 முதல் ஆறே இடங்கள்தான். ஆகஸ்டில், வெல்லப்போவது யாரென்று தெரியாத நேரத்தில், செனட் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையோ தேர்தல் முடியும்வரை கையில் எடுக்கவில்லை. முதல் தொகுதி இடங்களை நிரப்பப்போவது டிரம்ப் என்று தெரிந்தபின், டிசம்பர் 12 அன்று நிறைவேற்றியது. டிசம்பர் 23 அன்று பைடன் வீட்டோ செய்தார். சபை காத்திருந்தது தவறு. வீட்டோவும் வழக்குக்காரர்களுக்கு எதையும் தரவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகு, ஓய்வுநிலைக்கு (இடத்தைக் காலி செய்தாலும் வழக்கு விசாரிக்கக்கூடிய நிலைக்கு) போவதாக முன்பே அறிவித்திருந்த மூன்று நீதிபதிகள் தங்கள் முடிவைத் திரும்பப் பெற்றதையும் கவனித்தோம். நீதிபதிகளே தேர்தல் முடிவைப் பார்த்துக் கிளம்பும் நாளைக் குறிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு அது இடம் கொடுத்தது.

இது புதிய நோயுமல்ல. 1801இல் தோற்று வெளியேறும் தறுவாயில் ஆடம்ஸ் தரப்பு 16 புதிய இடங்களை உருவாக்கியது, அடுத்த ஆண்டே ஜெஃபர்சன் தரப்பு அவற்றை ஒழித்தது.

எனவே 66 இடங்களுக்கான சட்டத்தை மீண்டும் நிறைவேற்றுமாறும், முதல் தொகுதி 2029 ஜனவரியில் புதிய பதவிக்காலம் தொடங்கிய பின்னரே உருவாகும்படி எழுதுமாறும் கோருகிறோம். முன்மொழியப்படும் எவருக்கும் 120 நாட்களுக்குள் விசாரணைக் கூட்டமும் வாக்கெடுப்பும் நடக்க வேண்டும். வேண்டாமென்றால் எதிர்த்து வாக்களிக்கட்டும், கோப்பை மட்டும் கிடப்பில் போடக் கூடாது. மாவட்ட நீதிபதிகள் விஷயத்தில் அந்தந்த மாநில செனட்டர்களின் சம்மதம் கேட்கும் நீலச்சீட்டு வழக்கம் தொடரலாம், அதற்கும் கெடு வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பதவிக்கால வரம்பு வேண்டுமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அதனால் அதைப் பற்றி இங்கே எதுவும் கோரவில்லை.

2029 வரை காத்திருந்தால் நெரிசலில் இருக்கும் நீதிமன்றங்கள் என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2003க்குப் பிறகு ஒரு நிரந்தர மாவட்ட நீதிபதி இடம்கூடப் புதிதாக உருவாகவில்லை. ‘யாருக்கு லாபம்’ என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் அதைக் கவிழ்த்திருக்கிறது. அதுவரை பிற மாவட்ட நீதிபதிகளையும் ஓய்வுநிலை நீதிபதிகளையும் கூடுதலாக அனுப்பிச் சமாளிக்கலாம், முழுத் தீர்வு ஆகாது என்றாலும்.

வரும் செனட் தேர்தல்களில் எங்கள் உறுப்பினர்கள் வாழும் ஒவ்வொரு மாநிலத்திலும், இரு கட்சி வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்போம்: உங்கள் கட்சிக்கே பெரும்பான்மை கிடைத்தாலும் இந்த 120 நாள் கெடுவுக்கு வாக்களிப்பீர்களா? பதில் தந்தவர்கள், தராதவர்கள் பெயர்களை வாக்குப்பதிவுக்கு முன் வெளியிடுவோம்.