தேயிலை மலையிலும் சலரோகம்

அப்புத்தளையின் செங்குத்து மலைகளில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் சரீரங்களைச் சலரோகம் அண்டாதென்றும், அது பட்டணத்துத் தனவந்தரின் வியாதியென்றும் நிலவும் நம்பிக்கை அபாயகரமானது. கோதுமைமா ரொட்டியும் சீனி மிகுந்த சாயத்தண்ணீருமே பிரதான ஆகாரமாகிய லயங்களில், மலைவேலையினின்று ஓய்ந்தபின்பும் உணவு மாறாதிருக்க, பரம்பரையும் சேர்ந்துகொள்ளுமாயின், இன்சுலினின் வலிமை குன்றி இரத்தத்தில் சர்க்கரை பெருகுவதில் ஆச்சரியமென்ன? தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற மெலிவு ஆகிய லட்சணங்களை வேலைக் களைப்பென்று தள்ளிவிடுகிறோம். பலருக்கோ லட்சணமே தோன்றுவதில்லை. இந்நோயால் கண்ணும் சிறுநீரகமும் சேதமுறுவது எவ்விடத்தும் உள்ளதே. உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் தைத்த சிறுகாயமும் ஆறாது அழுகிக் காலையே இழக்க நேரிடுமென்பதுதான் தோட்டத்தார் விசேஷமாக அஞ்சவேண்டியது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை மறுமுறையும் காணப்பட்டால் நோயென்று நிர்ணயிக்கும் எளிய பரிசோதனையை, தொழிலாளர் நாட்சம்பளம் இழந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ பஸ் ஏற நேராதபடி, தோட்ட மருந்தகங்களிலேயே கிரமமாக நடத்துமாறு சுகாதாரப் பகுதியாரையும் கம்பெனிகளையும் கேட்கிறோம்.