மைனர் சொத்தும் தகப்பன் கையெழுத்தும்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். “இடம் பையன் பேர்ல இருக்கு. அவனுக்குப் பத்து வயசு. நான்தான் அப்பா, கிரயம் பண்ணணும்” என்று ஒருவர் வருவார். ‘மைனருக்காக அவரது தகப்பனாரும் கார்டியனுமான’ என்று பத்திரம் தொடங்கும். நடுவில் ‘மைனரின் படிப்புச் செலவுக்காகவும் குடும்ப நன்மைக்காகவும்’ என்று ஒரு வரி விழும். கோர்ட் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “பெத்தவனுக்கு எதுக்குங்க கோர்ட்டு? அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்த வம்பு. அந்தக் காலத்துல பெரியப்பா சித்தப்பா பாத்துக்கலையா?”

சட்டமும் தப்பு, சரித்திரமும் தப்பு. சரித்திரத்தில்தான் நம் ஜனங்களுக்கு மயக்கம் அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வாரிசாகச் சிறுவனுக்கு வந்த சொத்தை, அவன் குருகுலம் முடித்துத் திரும்பும் வரை அல்லது பாலப் பருவம் தாண்டும் வரை அரசன் காக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம். சித்தப்பன் அல்ல, அரசன். அர்த்தசாஸ்திரம் அந்தப் பொறுப்பை ஊர்ப் பெரியவர்களிடம் தருகிறது. காத்தால் மட்டும் போதாது, பெருக்கவும் வேண்டும். மனுவை வேறு எதற்கும் நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். ஆனால் பங்காளிகளைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸுக்கு ஏழு வயதில் தகப்பன் இறந்தார். கத்திப் பட்டறை, கட்டில் பட்டறை, வட்டிக்கு விட்ட பணம் என்று சொத்து ஏறக்குறைய 14 டேலன்ட். காப்பாளர்களைத் தகப்பனே உயிலில் நியமித்திருந்தார்: உடன்பிறந்தாரின் பிள்ளைகள் இருவர், பழைய நண்பர் ஒருவர். விதவையைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் சீதனத்தை எடுத்துக்கொண்டார், கல்யாணத்தை மறந்துவிட்டார். பையன் மேஜரானபோது வீடு, அடிமைகள், ரொக்கம் எல்லாம் சேர்த்து 70 மினா கொடுத்தார்கள். ஒரு டேலன்டுக்கு 60 மினா. ஆக, 14 டேலன்டில் ஒன்றேகால்கூடத் தேறவில்லை. இது கோர்ட்டில் அவரே சொன்ன கணக்கு. வழக்கில் ஜெயித்தும் பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை. மூவரும் அந்நியர்கள் அல்ல.

இங்கிலாந்தின் பழைய நிலச் சட்டமோ ஒருபடி மேலே போனது. உழுகுடி நிலங்களில், பிள்ளை இறந்தால் சொத்துக்கு வாரிசாகக்கூடிய உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்கவே கூடாது என்றது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதைத்தான்.

வெள்ளைக்காரனுக்கு வருவோம். 1804-இல் சென்னை மாகாணத்தில் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ ஏற்பட்டு, சிறுவர்களான ஜமீன்தார்களின் சொத்து சர்க்கார் நிர்வாகத்துக்குப் போனது. பிள்ளைகள் மேல் பாசத்தால் வந்த ஏற்பாடு அல்ல. ஜமீன் கட்ட வேண்டிய பேஷ்குஷ் வரி பாக்கியில்லாமல் வர வேண்டும் என்ற கவலை. அது வம்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பத்திர எழுத்தர் இன்றும் எழுதும் அந்த ‘குடும்ப நன்மை’ வரியின் வேரும் வெள்ளைக்காரன் கோர்ட்டில்தான் இருக்கிறது. 1856-இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பு சொன்னது. மைனர் சொத்தின் மேல் மேலாளருக்கு உள்ள அதிகாரம் அளவுக்கு உட்பட்டது. அவசியம் இருக்க வேண்டும், அல்லது சொத்துக்கு நன்மை இருக்க வேண்டும். கடன் கொடுப்பவர் அதை விசாரிக்க வேண்டும். விசாரணை பழக்கத்தில் தேய்ந்துபோனது, வரி மட்டும் மிஞ்சியது.

அந்த வரியை நம்பிப் பயனில்லை என்று சொன்னது வெள்ளைக்காரன் அல்ல, நம் நாடாளுமன்றம். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, தகப்பனோ தாயோ மைனரின் அசையாச் சொத்தை விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட, நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். பெரியப்பா சித்தப்பாவுக்கு 11-ஆம் பிரிவு: காப்பாளர் மாதிரி நடந்துகொள்கிறேன் என்ற பேரில் மைனர் சொத்தில் கைவைக்கவே அதிகாரம் இல்லை.

பிரிவினையாகாத கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பங்கு வேறு கதை. அங்கே குடும்பத் தலைவருக்குத் தனி அதிகாரம் உண்டு. அந்த விதிவிலக்கை இழுத்து, தாத்தா பேரன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிய மனைக்கும் போர்த்துகிறார்கள்.

அனுமதியில்லாமல் விற்றால் கிரயம் உடனே செத்துவிடாது, அதுதான் ஆபத்து. பத்திரம் பதிவாகும், பட்டா மாறும், வீடு எழும்பும். பையனுக்கு 18 முடிந்ததும் மூன்று ஆண்டு அவகாசம் ஓடத் தொடங்கும். அதற்குள் அவன் கிரயத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட்டால், விற்ற அப்பாவிடம் பணம் எப்போதோ கரைந்திருக்கும். பால் காய்ச்சிக் குடிபோனவர் வாசலுக்கும் சம்மன் வரும்.