நீரிழிவு தணியும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

அண்மையில் நம்மிடம் வந்த வழக்குக் கட்டுகளில் ஒன்று, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஒரு பெண்ணுடையது. வயது 44. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. நீரிழிவு கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு வகை மாத்திரைகள் உட்கொண்டும் சர்க்கரை அடங்கவில்லை. உடற்பருமன் அறுவை சிகிச்சை செய்தால் நீரிழிவு தணிய வாய்ப்புண்டு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மகன் வேலை செய்யும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் தாயின் பெயரும் இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டது: உடல் நிறை குறியீடு 35-ஐ எட்டவில்லை. அவருடைய குறியீடு 33.6. மறுப்பை எதிர்த்து முறையிடலாம் என்பதை அக்குடும்பத்துக்கு எவரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, காலில் ஆறாத புண்ணால் இரண்டு விரல்களை இழந்த பிறகே, அதுவும் வேலை நீக்கம் தொடர்பாகத்தான், அவர் நம்மிடம் வந்தார்.

அறுவை நடந்திருந்தால் அவர் விரல்கள் தப்பியிருக்கும் என்று நாம் அறுதியிட்டுக் கூறமாட்டோம். அந்த மறுப்புக்கு அடிப்படையான 35 என்ற எண் எங்கிருந்து வந்தது, எவருடைய உடலை அளந்து வந்தது என்பதே நம் கேள்வி.

அறுவை என்ன செய்கிறது?

1995-இல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வால்டர் போரிஸும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட 146 நீரிழிவு நோயாளிகளில் 121 பேருக்குச் சர்க்கரை அளவு இயல்பு நிலைக்குத் திரும்பி அங்கேயே நின்றது. ஒருமுறை வந்தால் போகாது என்று கருதப்பட்ட நோய்க்கு இது புதிய செய்தி. பலருக்கு, எடை குறையத் தொடங்குமுன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது. உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தவிர்த்துச் செல்லும்போது குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவதும், உட்கொள்ளும் உணவு திடீரெனக் குறைவதால் கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைவதும் இதற்குக் காரணங்களாக விளக்கப்படுகின்றன.

பின்னர் வந்த ஆய்வுகள் உற்சாகத்தை அளவோடு நிறுத்தின. ஸ்வீடனின் நீண்டகால ஆய்வில், அறுவைக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 72 விழுக்காட்டினருக்கு நீரிழிவு தணிந்திருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அது 30 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அறுவை செய்துகொள்ளாதவர்களில் பதினைந்தாம் ஆண்டில் தணிந்திருந்தோர் 6.5 விழுக்காட்டினர் மட்டுமே. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் சிக்கல்களும் அறுவை செய்துகொண்டோரிடம் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன.

ஆகவே இது 'குணமாதல்' அன்று, 'தணிதல்'. சர்க்கரைக்கான மருந்துகளை நிறுத்தி மூன்று மாதங்களேனும் கடந்தபின், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்குமானால் அதைத் தணிவு எனக் கொள்ளலாம் என்று 2021-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்தது. தணிந்த நோய் மீளக்கூடும். ஆயினும் சர்க்கரையின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும் காலுக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் ஆயுள்.

இதில் நம் வாதத்துக்கு மிக முக்கியமான உண்மை ஒன்று உண்டு. நோய் வந்து சில ஆண்டுகளுக்குள், இன்சுலின் தேவைப்படும் நிலைக்குப் போகுமுன், சிகிச்சை பெறுவோருக்கே தணியும் வாய்ப்பு அதிகம். கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் நாளாக நாளாகத் தளர்ந்துவிடுகின்றன. தணிவு என்பது காலத்தோடு கட்டப்பட்ட உரிமை. தாமதம், வாய்ப்பையே பறித்துவிடுகிறது.

எவருடைய உடலை அளந்த எண்?

புணேயின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் 2004-இல் தம் இருவர் உடலையும் ஒப்பிட்டுக் காட்டினர். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே குறியீட்டுக்கு உள்ளே இரு வேறு உடல்கள் இருந்தன. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே தெற்காசியருக்கு நீரிழிவு வருவதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

2016-இல் நாற்பத்தைந்து பன்னாட்டு அமைப்புகள் ஏற்ற வழிகாட்டுதல், ஆசியருக்கு எல்லை எண்களை 2.5 புள்ளி குறைக்கச் சொன்னது. அதன்படி, சர்க்கரை கட்டுப்படாத ஆசியருக்குக் குறியீடு 32.5 இருந்தால் அறுவை பரிந்துரைக்கப்படும், 27.5 இருந்தாலே பரிசீலிக்கலாம்.

நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ, 2019 செப்டம்பரில் காப்பீட்டு விலக்குகளைத் தரப்படுத்தியபோது, உடற்பருமன் அறுவைக்கு 40 என்ற எல்லையை வைத்தது. கட்டுப்படாத நீரிழிவு போன்ற கடும் நோய் உடனிருந்தால் 35. இது வெள்ளையர் உடலுக்கு வகுத்த எண். 158 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 32.5 என்பது ஏறத்தாழ 81 கிலோ. 35 என்பது 87 கிலோ. 84 கிலோ எடையுள்ள நம் கட்சிக்காரர் மருத்துவத்தின் கணக்கில் தகுதியுள்ளவர். காப்பீட்டின் கணக்கில் தகுதியற்றவர். இன்னும் மூன்று கிலோ எடை கூடி, நோயும் முற்றிய பிறகு வா என்பதே அந்த மறுப்பின் பொருள்.

பணம் உள்ளவரை இந்த எண் தடுப்பதில்லை. அவர் சில லட்சங்களைக் கட்டித் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவார். காப்பீட்டையோ அரசையோ நம்பியிருப்பவர் மட்டுமே எண்ணின் முன் நிறுத்தப்படுகிறார்.

தாமதத்தின் சாதி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. 'பணக்காரர் நோய்' என்ற பழைய பேச்சு இனி செல்லாது. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது, ஆதிக்கச் சாதிப் பெண்களினுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018 அறிக்கையில் சுட்டியது. அந்த இடைவெளிக்குள் எத்தனை நோய்கள் காலங்கடந்து கண்டறியப்பட்டன என்பதை யாரும் எண்ணவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாத்திரையோடு பயணம் முடிந்துவிடுகிறது. மாத்திரையால் அடங்காத சர்க்கரையை அடுத்த படிக்கு அனுப்புவதற்கு வரையறுத்த பாதை வேண்டும். சென்னையின் சில அரசு மருத்துவமனைகளில் உடற்பருமன் அறுவை நடந்துள்ளது என்றாலும், சேரியில் மாத்திரை வாங்கும் பெண்ணிடம் அந்தச் செய்தியைச் சொல்வது எவர் கடமை என்று எங்கும் எழுதப்படவில்லை.

சொன்னாலும் விடுப்பு எங்கே? அறுவைக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. குப்பை வண்டி தள்ளுவோருக்கு அது வேலையையே நிறுத்துவது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உறுப்பினராக இருந்தால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிவு செய்யாமலோ, பிடித்த தொகையைக் கட்டாமலோ விட்டால் அந்த உரிமை காகிதத்தில்கூட இராது. நம் கட்சிக்காரரின் ஊதியச் சீட்டில் பிடித்தம் இருந்தது; காப்பீட்டு எண் இல்லை.

அறுவைக்குப் பின்னான தட்டு

இந்த அறுவையை மந்திரமாகக் காட்டும் விளம்பரங்களுக்கும் நாம் எதிரானவர்கள். 2024-இல் சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் உடற்பருமன் அறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் இறந்ததும், அரசு விசாரணைக்கு ஆணையிட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தேர்ந்த மையங்களில் ஆபத்து குறைவு. ஆனால் ஆபத்தே இல்லாத அறுவை கிடையாது. தாய்மொழியில், பொறுமையாக, மறுக்கும் உரிமையோடு விளக்கிப் பெறாத ஒப்புதல் ஒப்புதலாகாது.

அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வேண்டும். முறையான இரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே இரத்தசோகையோடு வாழும் பெண்ணுக்கு இவை தவறினால் ஒரு நோய் போய் மற்றொன்று வரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் புரதமும் வேண்டும். நாம் பார்த்த உணவுப் பட்டியல்கள் பன்னீரையும் விலையுயர்ந்த புரத மாவையும் எழுதுகின்றன. முட்டை, கருவாடு, மாட்டிறைச்சி என நம் மக்களுக்கு எட்டும் விலையிலுள்ள புரதம் அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. எவர் சமையலறையை மனத்தில் வைத்து மருத்துவம் எழுதப்படுகிறது என்பதை அந்த ஒரு தாளே சொல்லிவிடும்.

எல்லோருக்கும் அறுவை தேவையுமில்லை. மெலிந்த உடலோடு நீரிழிவுக்கு ஆளான கூலித் தொழிலாளர் ஏராளம். அவர்களுக்கு இது வழியன்று. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தோருக்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி உணவும் தொடர்ந்த துணையும் தந்தபோது, ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு அறுவையின்றியே தணிந்தது. ஆனால் அந்த முறைக்கும் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். உணவைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் வேண்டும். நியாயவிலைக் கடை அரிசியே பெரும்பகுதி உணவாக உள்ள வீட்டில் 'அரிசியைக் குறை' என்பது அறிவுரை; அதற்கு ஈடாகப் பருப்பும் முட்டையும் தருவதே சிகிச்சை.

சட்டம் சொல்வதும் நாம் கேட்பதும்

தொழிலாளரின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995-இல் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மைய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே, மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், நிதியின்மையைக் காட்டி மருத்துவக் கடமையிலிருந்து அரசு விலக முடியாது என்றது. பின்னது அவசர சிகிச்சை பற்றிய தீர்ப்பு. எனினும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும் என்பதே நம் வாதம். பட்டியல் சாதியினரைச் சமூக அநீதியிலிருந்து காக்கச் சொல்லும் 46-ஆம் பிரிவும், ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்தச் சொல்லும் 47-ஆம் பிரிவும் ஒருங்கே படிக்கப்பட வேண்டியவை.

நம் கோரிக்கைகள் நான்கு. காப்பீட்டு விலக்கு விதியின் எண்கள் இந்திய உடலுக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் நீரிழிவுத் தணிவுக்கான தனிப் பிரிவு வேண்டும். அறுவை, உணவுத்துணை, வாழ்நாள் சத்து மாத்திரைகள் அனைத்தும் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவரையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, சிகிச்சைக் காலத்துக்கு ஊதியத்தோடு விடுப்பு தருவதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். யாருக்கு எப்போது நோய் கண்டறியப்பட்டது, எவர் எந்தச் சிகிச்சை பெற்றார் என்ற விவரங்கள் சாதிவாரியாகத் தொகுத்து வெளியிடப்பட வேண்டும். எண்ணாத அநீதியை எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்க இயலாது.

அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளை நீரிழிவோடு கழித்தவர். 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு அடித்தளமிட்ட அடார்கர் அறிக்கை 1944-இல் வந்தது. நோயுற்ற தொழிலாளி எவர் கருணைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதே அந்தக் காப்பீட்டின் அடிப்படை.

நம் கட்சிக்காரருக்காக இரண்டு மனுக்களைத் தயாரித்துள்ளோம்: ஒன்று வேலை நீக்கத்தை எதிர்த்து, மற்றொன்று காப்பீட்டு மறுப்பை எதிர்த்துக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம். இரண்டாவது மனுவுக்குக் காலக்கெடு கடந்துவிட்டது என்ற ஆட்சேபம் வரும் என்பதை அறிவோம். முறையிடும் வழியையே சொல்லாமல் மறைத்தவர்கள் காலக்கெடுவைக் காட்டலாகாது என்பது நம் பதிலாக இருக்கும். இதைப் படிப்போரில் எவருக்கேனும் இதே மறுப்புக் கடிதம் வந்திருந்தால், அதைக் கிழித்தெறிய வேண்டாம். தேதியோடு பத்திரப்படுத்துங்கள், உடனே முறையிடுங்கள்.