வீடு புகுந்த ஆமை

 

கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கடைசிவரை வாசியுங்கள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி. அதை நம்பி ஆமையைக் கண்டால் கல்லெறிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கதை மாறிவிட்டது. வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இரண்டும் பொய். ஆமை வந்து கெட்ட வீட்டை நாம் யாரும் கண்டதில்லை. வீட்டுக்குள் வந்து கெட்ட ஆமைகள்தான் ஏராளம்.

நேரடியாகவே சொல்கிறோம். ஆமை வீட்டில் வளர்க்கும் பிராணி இல்லை. வளர்க்கிறவர்கள் சொல்லும் நியாயங்கள் எல்லாமே நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பாவம், றோட்டில் கிடந்தது. காப்பாற்றி எடுத்து வந்தோம்."

றோட்டில் கிடக்கவில்லை, றோட்டைக் கடந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் ஆமை இரை தேடியும் இணை தேடியும் முட்டையிட இடம் தேடியும் நடக்கும். வாகனம் வரும் என்று பயமா? அது போன திசையிலேயே மறுகரையில் விட்டுவிடுங்கள். காப்பாற்றுவது அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் வேறு.

"நல்லாத்தான் பார்க்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறோம்."

என்ன சாப்பாடு? பாண், சோறு, பிஸ்கட். நட்சத்திர ஆமை புல்லும் இலையும் பூவும் உதிர்ந்த பழமும் தின்று வாழ்வது. பாணும் சோறும் அதற்கு உணவே இல்லை. வெயிலும் அதற்குச் சாப்பாடு மாதிரித்தான். வெயில் உடம்பில் பட்டால்தான் விற்றமின் டி உண்டாகும், அது இருந்தால்தான் கல்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும். குசினி மூலையில் பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்த ஆமைக்கு ஓடு மென்மையாகும், கோணலாகும், கால் வலுவிழக்கும். ஈரத்திலேயே கிடந்தால் நெஞ்சில் சளி பிடிக்கும்.

நாய்க்கு நோ வந்தால் ஊளையிடும், பூனை கத்தும். ஆமை சத்தம் போடாது. பட்டினியையும் நோயையும் மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சாகும். அதைத்தான் நாம் "சாதுவாக இருக்கிறது" என்கிறோம்.

"கிணற்றில் விட்டோம். தண்ணீர் சுத்தமாக இருக்கும்."

இதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. இறுப்பிட்டியில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் ஊறும் கிணறு எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். பவுசருக்குக் காத்து நின்ற ஊர் நாம். இருக்கும் நல்ல கிணற்றிலும் ஒரு பிராணியை விட்டு அதன் கழிவையும் சேர்த்துக் குடிப்பது என்ன சுத்தம்? நட்சத்திர ஆமை தரை ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். குளத்து ஆமை நீந்தும். ஆனால் அதுவும் நுரையீரலால் மூச்சு விடுவது, வெயில் காயக் கரையேற வேண்டும், முட்டையிட மண் வேண்டும். கல்லுக் கட்டிய கிணற்றில் கரை எங்கே, மண் எங்கே?

"கடையில் காசு கொடுத்து வாங்கியது. இது நம் நாட்டு ஆமை இல்லையே."

அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும், காதருகே சிவப்புக் கோடு போட்ட சின்னப் பச்சை ஆமையைச் சொல்கிறீர்கள். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு வரும், இருபது முப்பது வருடம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் பிளேன் ஏறிவிடுவார்கள். ஆமை? அம்மம்மாவின் தலையில், அல்லது பக்கத்துக் குளத்தில். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. குளத்தில் விட்டால் நம் ஆமைகளின் இரையும் இடமும் அதற்குப் போகும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் கழிவிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட கை வாய்க்குப் போனால் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். இப்படிப் பிள்ளைகள் நோயுற்றதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது.

"மார்க்கத்தில் பிராணி வளர்க்கத் தடை இல்லையே."

இல்லைதான். சிறுவர் அபூ உமைர் வளர்த்த சின்னக் குருவி இறந்தபோது, அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தி ஹதீஸில் உண்டு. ஆனால் பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல் தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் ஹதீஸில்தான் உண்டு. குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துப் பறந்த தாய்ப்பறவையைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அதே நபிதான். ஒன்றை மட்டும் சொல்லி மற்ற இரண்டை மறைப்பது மார்க்கம் பேசுவதாகாது. கொல்லாமையை அறமென்று கும்பிடும் சைவ வீடுகளுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இனிச் சட்டம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஏன் இவ்வளவு கடுமை? ஆந்திராவில் ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஒரே வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடித்துக் கடத்தப்பட்டதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவும் இலங்கையும் பங்களாதேஷும் செனகலும் சேர்ந்து கேட்டதால், 2019இல் இந்த ஆமையின் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது. "நான் ஒன்றுதானே வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் ஆயிரம் வீடுகளுக்காகத்தான் மன்னார், புத்தளம் பற்றைக்காடுகளில் ஆமை பொறுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் போரால் தீவக மக்களும் ஊரைவிட்டு ஓடினார்கள். மனிதரையும் ஆமையையும் நாம் சமமாக வைக்கவில்லை. ஆனால் போன இடத்தில் சோறு கிடைத்தது என்பதற்காக அது ஊராகிவிடாது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே கேட்கிறோம். ஆமையைக் கண்டால் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விட்டுவிடுங்கள். ஏற்கனவே வீட்டில் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கடையில் வாங்கிய ஆமையைக் குளத்தில் விடாதீர்கள், அதற்கும் அங்கேயே கேளுங்கள். ஆசிரியர்களே, செயற்திட்டம் என்று சொல்லி ஆமை கொண்டுவரச் சொல்லாதீர்கள். கண்டதைக் கொப்பியில் எழுதிக் கீறிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஆமைக்கு வீடு கொடுக்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது பிறக்கும்போதே தன் வீட்டை முதுகில் கொண்டுவந்தது. அது கேட்பது நடந்து போக வழி மட்டும்தான்.